ஊசியும் சொல்லும்

குழந்தைகளுக்கு இடும் தடுப்பூசியைக் குறித்து மருத்துவம் வல்லார் எழுதுதலே முறையாம். தமிழிலக்கியம் பயிலும் மாணாக்கர் அதனைப் பற்றிப் பேசப் புகுதல், பிறர் வயலில் ஏர் பூட்டுவது போலத் தோன்றக்கூடும். ஆயினும், அவ்வூசி பிள்ளையின் தொடையிற் புகுமுன் ஒரு செய்தி அதன் தாயின் செவியிற் புகவேண்டியிருக்கிறது. இஃது எந்த நோயைத் தடுக்கும், இட்டபின் உடம்பில் என்ன நேரும், மறுபடி எப்போது வரவேண்டும் என்பனவே அச்செய்தி. அதனை எம்மொழியில், எச்சொற்களால், யார் வாயால் சொல்லுவது என்னும் வினா மருத்துவர்க்கு மாத்திரம் உரியதன்று. சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டார்க்கும் அதிற் பங்குண்டு. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் வழங்கும் நம் ஜில்லாவிலோ அவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. புதன்கிழமைதோறும் சுகாதார நிலையத்துத் திண்ணையில் எழுவது.

முதற்கண் பழைய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1796-ஆம் ஆண்டில் எட்வர்ட் ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையில் தோன்றிய பசுவம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இட்டு, அவனைப் பெரியம்மை பற்றாதிருத்தலைக் கண்டார். லத்தீன் மொழியில் 'வாக்கா' என்றாற் பசு. அதனடியாகவே 'வாக்சின்' என்னும் பெயர் பிறந்தது. அம்மருந்து இந்நாட்டை அடைந்தது 1802-இல். அவ்வாண்டு ஜூன் 14-ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தையொன்றுக்கு முதன்முதல் இடப்பெற்று, அங்கிருந்து பிற பகுதிகளுக்குப் பரவிற்று. பரவிய வழி இன்றைய வாசகர்க்கு வியப்பைத் தரும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத அக்காலத்தில், ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்து மற்றொரு குழந்தையின் கையில் இடுவர், அதிலிருந்து வேறொன்றுக்கு. இவ்வாறு கைக்குக் கை மாறியே மருந்து ஊரூராகச் சென்றது.

இதிற் சனங்களுக்கு அச்சமும் அருவருப்பும் உண்டாயின என்றால் அவர்களை மூடர் என்று தள்ளிவிடுதல் நீதியாகாது. யாரோ ஒருவர் பிள்ளையின் உடம்பிலிருந்து எடுத்த நீரைத் தம் பிள்ளையின் இரத்தத்திற் கலத்தல் எவர்க்கும் எளிதில் ஒவ்வாது. சாதி வேற்றுமை தலைவிரித்தாடிய அந்நாளிற் சொல்லவேண்டுவதில்லை. சென்னைக் கிண்டியில் 1899-இல் நிறுவப்பெற்ற கிங் நிலையம் போன்ற இடங்களிற் கால்நடைகளிடமிருந்தே அம்மைப்பாலை எடுத்து மாகாணமெங்கும் அனுப்பும் முறை வந்த பின்னரே அத்தடை குறைந்தது. மற்றொரு தடையும் இருந்தது. நம் நாட்டார் அந்நோயை நோய் என்றே பெயரிட்டு அழைக்கவில்லை. 'அம்மை' என்றனர்; அவள் வந்தாள், விளையாடுகிறாள், இறங்கினாள் என்றனர். கொப்புளத்தை 'முத்து' என்றனர். நாஞ்சில் நாட்டு ஊர்களில் முத்தாரம்மன் என்னும் பெயரைக் கேளாதார் யார்? தாயையே 'அம்மை' என்று விளிக்கும் நம் பக்கத்தில், தாயும் நோயும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. அவ்வம்மையை எதிர்த்து ஊசியால் குத்துவது என்றால், அது பெற்ற தாயைக் குத்துவது போல ஒலித்திருக்குமன்றோ?

இத்தடையை நீக்கச் சென்னையில் ஒருவர் செய்த முயற்சி தமிழ் மாணாக்கர் அறிந்துகொள்ளத்தக்கது. திருக்குறளுக்கு உரை எழுதியவரும், தென்னாட்டு மொழிகள் வடமொழியிற் பிறவாத தனியினம் என்பதை 1816-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டியவருமாகிய எல்லிஸ் துரையை நாம் அனைவரும் அறிவோம். சென்னைக் கலெக்டராக விளங்கிய அவர், பசுவம்மையின் பயனைச் சக்தியே தன்வந்திரிக்கு உபதேசித்ததாக ஓர் உரையாடலைத் தமிழில் அமைத்தார். அதாவது, இம்மருந்து சீமையிலிருந்து வந்த புதுமையன்று. நம் தேவியே பண்டு அருளிய பழமை என்று சனங்கள் எண்ணும்படி செய்தல் அவர் கருத்து. தமிழரின் உள்ளம் எச்சொல்லுக்கு நெகிழும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை. பசுவும் தேவியும் வைத்திய முதல்வனும் கூடி நிற்கும் இடத்தில் மறுத்துப் பேசுவார் யார்? பிற்கால ஆராய்ச்சியாளர் இதனையும் இதுபோன்ற பிறவற்றையும் நன்னோக்கம் கொண்ட பொய் என்று குறித்திருக்கின்றனர்.

எல்லிஸ் துரைமேல் நமக்கு மதிப்பு மிகுதி. ஆயினும் இச்செயலை மெச்ச மனம் வரவில்லை. கேட்பாரின் மொழியையும் உவமையையும் கைக்கொண்டமை சிறப்பே. ஆனால் அவர்களுக்கு உண்மை விளங்காது என்று முடிவுகட்டிக்கொண்டு கதையைக் கொடுத்தமை குறையே. கதையை நம்பிக் கை நீட்டியவர், மறுநாள் வேறொருவர் வேறொரு கதை சொன்னாற் கையை இழுத்துக்கொள்வார். இதற்கு நம் காலத்திலேயே சான்று உண்டு, பின்னர்க் காண்போம்.

இனித் திருவிதாங்கூருக்கு வருவோம். ராணி கௌரி லட்சுமிபாயி ஆண்ட நாளில் (1810-1815) இவ்வரசில் அம்மை குத்தும் வழக்கம் தொடங்கிற்று. குடிகளின் அச்சம் தெளிய அரச குடும்பத்தாரே முதலிற் குத்திக்கொண்டனர் என்பர். சொல்லால் விளக்குவதற்குப் பதிலாகச் செயலால் விளக்கிய இம்முறை, எல்லிஸ் துரையின் கதையினும் நேர்மையானது என்பது எம் கருத்து. 1879-ஆம் ஆண்டிலோ அரச விளம்பரம் ஒன்று பிறந்தது. அரசாங்க உத்தியோகஸ்தர், சிறைவாசிகள், பள்ளி மாணாக்கர் ஆகியோர் கட்டாயமாக அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் கட்டளை. மாணாக்கரையும் சிறைவாசிகளையும் ஒரே வரியில் அடுக்கிய பெருந்தன்மையை நாம் ஈண்டு விரித்துரைக்கப் போவதில்லை.

கட்டளை பயன் தராமற் போகவில்லை. ஆனால் கட்டளைக்கு விளக்கம் வேண்டுவதில்லை அல்லவா? அதிலும் அவ்வரசின் காரியங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் நடந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் வாழ்ந்தோரோ தமிழர். ஆகவே, சேதி பாதி மலையாளமாகவும் பாதித் தமிழாகவும் வந்து சேர்ந்தது. மலையாளத்தார் இதனை 'அச்சு குத்து' என்பர். அச்சு என்றால் முத்திரை. கையில் நிலைத்து நிற்கும் வட்டத் தழும்பைக் கண்டு வைத்த பெயர் போலும். தமிழரோ 'அம்மை குத்துதல்' என்றனர். குத்தும் மருந்தை 'அம்மைப்பால்' என்றனர். இரண்டு பெயரும் பொது மக்கள் கண்ணாற் கண்டு வைத்தவை. ஒன்று குத்தியபின் எஞ்சும் வடுவை நோக்கியது; மற்றொன்று குத்தும் பொருளை நோக்கியது. எதனைத் தடுக்கிறது, எவ்வாறு தடுக்கிறது என்பது இரண்டிலும் இல்லை. அதனைச் சொல்லியவர் இல்லாதபோது பெயரில் அஃது எங்ஙனம் வரும்?

விளக்கிச் சொல்லும் வழியைத் தேடினோர் வேறிடத்தில் இருந்தனர். நம் ஜில்லாவின் நெய்யூரில் 1838-ஆம் ஆண்டு டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய லண்டன் மிஷன் வைத்தியப் பணியையும், 1861-இல் வந்த டாக்டர் ஜான் லோ இந்நாட்டு இளைஞர்க்கே வைத்தியம் பயிற்றிக் கிளை வைத்தியசாலைகளுக்கு அனுப்பியதையும் இக்கல்லூரி வாசகர் பலர் கேட்டிருப்பர். ஆயினும் மொழியைப் பொறுத்தவரையில் இன்னும் துணிந்து சென்றவர், கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன். அமெரிக்க மிஷனைச் சார்ந்த இவர் 1847-இல் ஈழநாடு வந்தார். முதலில் மாணவர்க்கு ஆங்கிலத்திலேயே வைத்தியம் கற்பித்தார். அவ்வாறு கற்றவர் ஊருக்குச் செல்லாமல் உத்தியோகத்துக்குச் செல்லுதலைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அவராலும் அவர் மாணாக்கராலும் தமிழாயின. அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் மருத்துவம் பயின்று வெளிவந்தனர். தமது கல்லறைமேல் 'தமிழருக்கு மருத்துவ ஊழியர்' என்னும் கருத்துப்படப் பொறிக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார் என்பதும் அறியத்தக்கது.

கிரீன் ஐயர் செய்த கலைச்சொற்கள் யாவும் நிலைத்துவிடவில்லை. 'கெமிஸ்தம்' என்னும் சொல்லை இன்று வழங்குவார் இல்லை. ஆனால் அவர் கொண்ட கொள்கை பழையதாகவில்லை. வைத்தியர் நோயாளியின் மொழியிலேயே சிந்தித்தாலன்றி அவரோடு பேச முடியாது என்பதே அது. மொழிபெயர்ப்பு என்பது கடைசியில் ஒட்டும் சீட்டன்று, கற்பிக்கும்போதே தொடங்கவேண்டியது. இன்றும் நம் செவிலியர் படிக்கும் பாடம் ஆங்கிலம். அவர் பேசவேண்டிய தாய் தமிழோ மலையாளமோ அறிந்தவள். இடையிலுள்ள பாலத்தைச் செவிலியர் ஒவ்வொருவரும் தாமே அன்றன்று கட்டவேண்டியிருக்கிறது.

அப்பாலம் எத்துணைக் கடினமானது என்பதற்கு நோய்ப் பெயர்களே போதிய சான்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ஆட்சிமொழி மாறிற்று, ஆனால் விளவங்கோட்டு வீடுகளின் பேச்சு ஒரே நாளில் மாறிவிடவில்லை. தமிழில் 'தட்டம்மை' என்றும் 'மணல்வாரி' என்றும் வழங்கும் நோய்க்கு மலையாளப் பெயர் 'அஞ்சாம்பனி'. மலையாளத்தார்க்குப் பனி என்றாற் காய்ச்சல். நாகர்கோவிலார்க்கோ பனி மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்பது. 'கக்குவான் இருமல்' மலையாளத்தில் 'வில்லன்சுமை'. 'தொண்டை அடைப்பான்' அங்கே 'தொண்டைமுள்'. தமிழில் நாம் தடுப்பூசி என்பதை அவர் 'பிரதிரோதக் குத்திவைப்பு' என்பர். இவற்றுள் 'குத்திவைப்பு' தமிழ்ச் செவிக்கும் விளங்கும், 'பிரதிரோதம்' விளங்காது. எல்லையோரத்துச் செவிலியர் ஒருவர் இவ்விரண்டு வரிசையையும் நாவில் வைத்திருத்தல் வேண்டும்.

தமிழுக்குள்ளேயே தொல்லை இல்லையா என்றால், அதுவும் உண்டு. அம்மை என்னும் ஒரு சொல்லே பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை மூன்றையும் சுமக்கிறது. 'அம்மைக்கு ஊசி போட்டாயிற்று' என்று நிம்மதியடைந்த தாய், பிள்ளைக்குச் சின்னம்மை கண்டவுடன் ஊசி பொய் என்று எண்ணுதல் இயல்பே. அரசாங்க அட்டவணையில் அப்பிள்ளைக்கு இடப்பெற்றது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரிய ஊசி; சின்னம்மைக்கு அதில் இடமில்லை. இவ்வேற்றுமையை ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. இனி 'ரணஜன்னி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். காதுக்கு இனிய பழஞ்சொல். சுவரொட்டிகளில் இன்றும் காணலாம். ஆனால் நம் வயதுடைய இளந்தாய் ஒருத்தியிடம் அதனைச் சொன்னால் திகைப்பாள். 'டெட்டனஸ்' என்றாலோ 'டி.டி. ஊசி' என்றாலோ உடனே தலையசைப்பாள். தமிழ் சிறப்புப் பாடம் எடுத்தோர் இதனைச் சொல்லலாமா என்று நண்பர் சிலர் கேட்பர். சொல்லத்தான் வேண்டும். செய்யுளிற் சொல்லின் தூய்மை அழகு. மருந்துச் சீட்டிலோ விளக்கமே தூய்மை.

'ஊசி' என்னும் சொல்லையும் சிறிது ஆராய்வோம். நம் வழக்கில் ஊசி என்பது நோயுற்றவன் குணமடையும் பொருட்டு இடுவது. காய்ச்சலோடு சென்றாற் காய்ச்சல் நீங்கித் திரும்புவான். தடுப்பூசியோ அதற்கு நேர்மாறு. சிரித்து விளையாடும் பிள்ளையைத் தூக்கிச் சென்றால், அன்றிரவே காய்ச்சலோடு அழுகிறது. ஊசி என்னும் ஒரே பெயரால் இரண்டையும் அழைத்ததன் பயன், இந்தக் காய்ச்சல் தாயின் கண்ணுக்குப் பெருந்தீங்காகத் தோன்றுவது. உடம்பு நோயை எதிர்க்கப் பயிற்சி செய்கிறது. பயிற்சியிற் சூடு பிறக்கிறது என்பதை முன்னரே அவளுக்குச் சொல்லியிருந்தால் அன்றிரவு அஞ்சமாட்டாள். பின்னர்ச் சொன்னால் அது சமாதானமாகக் கேட்குமேயன்றி விளக்கமாகக் கேளாது. ஆதலின், இவ்விஷயத்திற் காலம் என்பது மொழியைப் போலவே முக்கியமானது.

எவற்றைச் சொல்லுவது? இந்நாட்டில் தடுப்பூசி இடுவோர்க்குக் கற்பிக்கப்பெறும் பாடத்தில் நான்கு செய்திகள் வகுத்திருக்கின்றனர்: இன்று இட்ட ஊசி யாது, அஃது எந்நோயைத் தடுக்கும்; இதனால் நேரக்கூடிய சிறு தொல்லைகள் யாவை, அப்போது செய்யவேண்டுவது யாது; அடுத்து எந்நாள் வரவேண்டும்; அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து மறுமுறை கொண்டுவருதல். இவை அளவாற் சிறியன. ஒரு நிமிஷத்திற் சொல்லிவிடலாம். எனினும் புதன்கிழமைக் கூட்டத்தில் முதலிற் கைவிடப்படுவதும் அந்த ஒரு நிமிஷமே. அட்டையைக் கொண்டுவருமாறு சொல்லுதல் மட்டும் ஒருபோதும் தவறுவதில்லை. ஏனெனில் அது சொல்பவர்க்கு வேண்டியது.

அச்சிறு தொல்லைகள் ஊசிக்கு ஊசி வேறுபடும் என்பதையும் ஈண்டுக் குறித்தல் நலம். பிறந்தவுடன் இடது மேற்கையில் இடும் பி.சி.ஜி. ஊசி, காச நோயின் கொடிய வகைகளினின்று குழந்தையைக் காப்பது. சில வாரங்கள் கழித்து அவ்விடத்திற் சிறு கட்டி எழும்பிப் புண்ணாகித் தானே ஆறித் தழும்பாகும். இதனை அறியாத வீட்டில் மஞ்சளும் எண்ணெயும் பச்சிலையும் அதன்மேல் ஏறுகின்றன. ஒன்றும் பூசாதிருத்தலே அதற்குரிய வைத்தியம். தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமி நோய் ஆகிய ஐந்தையும் தடுக்கும் கூட்டூசி 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதன்முதல் வழக்கிற்கு வந்தது. இதனாற் காய்ச்சலும் தொடையில் வலியும் வீக்கமும் வரின் பெரும்பாலும் ஓரிரு நாளில் வந்து நீங்கும். தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் காய்ச்சலோ ஒரு வாரம் கழித்தே வரும்; ஆகவே தாய் அதனை ஊசியோடு தொடர்புபடுத்தவும் மாட்டாள், தொடர்புபடுத்தினால் அஞ்சாமலும் இராள். ஊசி இட்டபின் அரைமணி நேரம் அங்கேயே தங்கவேண்டும் என்பதற்குக் காரணம், மிக அரிதாக உடனே தோன்றும் ஒவ்வாமைக்கு அங்கேயே மருந்து உண்டு என்பது. காரணத்தைச் சொல்லாமல் 'அரைமணி இரு' என்று மாத்திரம் சொன்னால், மீன் சந்தைக்குப் போகவேண்டிய தாய் எழுந்து போய்விடுவாள்.

நாட்கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. அட்டவணை ஆறு, பத்து, பதினான்கு வாரம் என்று வகுக்கிறது. வாரக் கணக்கு நம் தாய்மார் வாயில் வழங்குவதில்லை. அவர்கள் நாற்பத்தைந்தாம் நாள் ஊசி, எழுபத்தைந்தாம் நாள் ஊசி, நூற்றைந்தாம் நாள் ஊசி என்பர். ஆறு வாரம் நாற்பத்திரண்டு நாள். பத்து வாரம் எழுபது. பதினான்கு வாரம் தொண்ணூற்றெட்டு. சில நாள் வேற்றுமையால் தீங்கொன்றும் இல்லை. அவர்களுடைய கணக்கை ஏற்றுக்கொண்டு பேசிய செவிலியரின் அறிவே இங்கு மெச்சத்தக்கது. எழுதிய அட்டவணை மக்களின் வாய்க்கு ஏற்ப வளைந்தது. அதனால் நாட்கள் நினைவில் நின்றன.

விளக்கம் இல்லாத இடத்தை வேறொன்று நிரப்பும் என்று மேலே சொன்னோம். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அனைவர்க்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இடும் பேரியக்கம் தொடங்கிற்று. தொடங்கிய சில நாட்களுக்குள் வாட்ஸப் வழியாக வதந்திகள் பரவின. பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கினர். இயக்கத்தின் காலத்தை நீட்டவேண்டியதாயிற்று. அவ்வதந்திகளின் மொழியை உற்று நோக்கியவர் ஒன்றைக் கண்டிருப்பர். அவை வீட்டுத் தமிழிற் பேசின. 'நம் பிள்ளை' என்றன. அத்தை மகனும் அடுத்த வீட்டுக்காரியும் அனுப்பிய குரலாய் வந்தன. மறுப்போ அலுவலகத் தமிழில், செயப்பாட்டு வினையில், 'அறிவுறுத்தப்படுகிறது' என்று வந்தது. பொய் உறவினர் குரலிலும் மெய் அதிகாரியின் குரலிலும் வந்தால் வெற்றி யாருக்கு?

2021-ஆம் ஆண்டு நடந்ததோ இன்னொரு வகை. கொரோனாத் தடுப்பூசிக்குப் பெயர் பதியும் 'கோவின்' தளம் ஆங்கிலத்தில் இருந்து வந்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில் அதனை இந்திய மொழிகளிலும் அமைத்தனர். இந்தி, மலையாளம், தெலுங்கு, கன்னடம் முதலியன இடம்பெற்றன, தமிழ் இல்லை. கண்டனம் எழுந்தது, மாநில அரசும் கேட்டது, சில நாட்களில் தமிழும் சேர்ந்தது. அந்தச் சில நாட்கள் நம் ஜில்லாவிற் படைத்த வேடிக்கையை எண்ணிப் பாருங்கள். களியக்காவிளையில் மலையாளம் படித்த பெரியவர் தம் மொழியிற் படித்துப் பதிந்துகொள்ளலாம். கோட்டாற்றில் தமிழ் மாத்திரம் படித்த பெரியவர் பேரனை எதிர்பார்த்து நிற்கவேண்டும். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் திருவிதாங்கூரில் இருந்த நிலை சில நாட்களுக்கு மீண்டு வந்தது போலும்! தமிழ் சேர்ந்த பின்னரும், கைப்பேசி இல்லாதார்க்கும் எழுத்தறியாதார்க்கும் அத்தளம் எம்மொழியில் இருந்தாலும் ஒன்றே. திரையில் எழுத்தை மாற்றுதல் மொழிபெயர்ப்பின் முதற்படிதான்.

நமக்கு நேர்ந்ததை நாமே பிறர்க்குச் செய்யாதிருக்கிறோமா என்பதையும் பார்க்கவேண்டும். வடநாட்டிலிருந்து கட்டட வேலைக்கும் துறைமுக வேலைக்கும் குடும்பத்தோடு வந்தோர் இப்போது நம் ஊர்களில் இருக்கின்றனர். ஒரு சுகாதார நிலையத்தில் வங்காளி பேசும் இளந்தாய் ஒருத்தி, தமிழும் ஆங்கிலமும் அச்சிட்ட அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றதை நாமே கண்டோம். செவிலியர் தம்மால் இயன்றவரை இந்தியில் இரண்டு சொல்லும் கைச்சைகையில் மூன்று சொல்லும் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையசைத்தாள். தலையசைத்தல் விளங்கியதற்கு அடையாளமன்று. பெரும்பாலும் அது மரியாதைக்கு அடையாளம்.

பிற நாட்டில் இதற்கு என்ன செய்கின்றனர்? அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, குறித்த தடுப்பூசிகளை இடுமுன் அவற்றின் நன்மை தீமைகளை விளக்கும் தாள் ஒன்றைப் பெற்றோர் கையிற் கொடுத்தாக வேண்டும். குடியேறியோர் பொருட்டு அத்தாள்கள் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டிருக்கின்றன. இது நல்ல வழக்கமே. ஆயினும், எழுதிய தாள் எழுத்தறிந்தார்க்கே பயன்படும். பெரியம்மையை ஒழித்த காலத்தில் இந்நாட்டிற் கையாண்ட வழி அதனினும் எளியது. 1970-களில் வீடுவீடாகச் சென்ற ஊழியர் பெரியம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையொன்றைக் காட்டி, இவ்வாறு யாரையேனும் கண்டதுண்டா என்று கேட்டனர். நோய்ப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், கொப்புளம் மாறாது. அம்மை என்பாரும் வைசூரி என்பாரும் அப்படத்துக்கு ஒரே விடை கூறினர். 1975-ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவிற் பெரியம்மை முடிவுற்றது. 1980-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் உலகெங்கும் ஒழிந்ததாக அறிவிக்கப்பெற்றது.

இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்தும் இவ்வாறே. 'சொட்டு மருந்து' என்னும் பெயரிற் கற்றோர் ஆக்கிய சொல் ஒன்றுமில்லை. நாவில் விழும் இரண்டு துளியைக் கண்டு வைத்த பெயர். வடநாட்டிற் சில பகுதிகளில் அம்மருந்தின்மேல் ஐயம் எழுந்தபோது, அந்தந்த ஊர்ப் பெண்களையும் சமயப் பெரியோரையும் பேசச் செய்தே அதனைத் தீர்த்தனர். 2011 ஜனவரிக்குப் பின் இயற்கைக் கிருமியால் வரும் அந்நோய் இந்நாட்டிற் கண்டிலது. 2014-இல் அதற்குச் சான்றும் கிடைத்தது.

நம் ஜில்லாவிற் செய்யத்தக்கன பெருஞ்செலவு உடையனவல்ல. மொழிபெயர்த்ததை வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் மூலமொழியில் ஆக்கச் சொல்லிப் பார்த்தல் ஒன்று. 'காய்ச்சல்' என்று சென்றது 'பனி' என்று சென்று 'குளிர்' என்று திரும்பி வந்தால், பிழை நோயாளியை அடையுமுன் நம் கையிலேயே அகப்பட்டுவிடும். சொல்லி முடித்தபின் 'விளங்கிற்றா?' என்று வினவாமல், 'வீட்டில் மாமியார் கேட்டால் என்ன சொல்வாய், அம்மா?' என்று வினவுதல் மற்றொன்று. அவள் திருப்பிச் சொல்வதிலேயே விளங்காத இடம் தானே வெளிப்படும். மாமியாரைக் குறித்தது நகைச்சுவைக்கு அன்று. ஊசியைப் பற்றிய முடிவு பல வீடுகளிற் குழந்தையின் தாய் கையில் இல்லை. பாட்டியின் கையிலும், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியிற் பேசும் தந்தையின் கையிலும் இருக்கிறது. தாயிடம் சொல்லும் செய்தி அவள் வாய்வழி அவர்களிடம் போய்ச் சேரும் வடிவில் இருத்தல் வேண்டும்.

வில்லுப்பாட்டு பிறந்து வளர்ந்த மண் இது. கோயிற் கொடையில் விடியுமட்டும் மக்களை அசையாது இருத்தும் அவ்வில்லுக்கு, நான்கு செய்திகளைச் சுமப்பது பாரமாகுமா? காது கேளாத பெற்றோர்க்குப் படங்களும் சைகை மொழியும் வேண்டும். கடற்கரை ஊர்களிற் கோயில் மணியடித்துக் கூட்டம் சேர்ந்தபின் ஒலிபெருக்கியிற் சொல்லும் இரண்டு வாக்கியம், ஆயிரம் துண்டுத்தாளினும் விரைவிற் செல்லும். வங்காளியும் ஒடியாவும் பேசுவோர்க்கு அவர்களுள்ளேயே தமிழ் கற்றுக்கொண்ட ஒருவரைத் தேடினால் கிடைப்பார். நம் கல்லூரியிலும் பிறமொழி அறிந்த மாணாக்கர் இல்லாமலில்லை. மலையாளமும் தமிழும் ஒருங்கே பேசும் விளவங்கோட்டு மாணவியர் நம் வகுப்பிலேயே பலர். அவர்களுள் மூவர் சேர்ந்து, நோய்ப் பெயர்களை இரண்டு மொழியிலும், ஏட்டு வழக்கும் வீட்டு வழக்குமாக ஒரே தாளில் எழுதத் தொடங்கியிருக்கின்றனர். 'மணல்வாரி' வரிசை முடிந்தது; 'பொன்னுக்கு வீங்கி'க்கு இதுவரை ஆறு பெயர் கிடைத்திருக்கின்றன. ஏழாவது பெயர் அறிந்த வாசகர் தமிழ்த் துறையிற் கொண்டுவந்து கொடுத்தால் ஏற்றுக்கொள்வர்.